அறைக்கதவு இல்லாத வீட்டில் ஜெபம்

வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலும் வழியிலும் தனியாகச் செய்யும் வழிபாட்டைப் பற்றிக் கொழும்பு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறோம். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் சங்கீதம் என்று குறிப்பிடுவது திருவிவிலியத்தில் திருப்பாடல்கள் என்று இருக்கும். அதிகார எண்கள் இரண்டிலும் ஒன்றே.

*வெள்ளவத்தையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில் ஆறு பேர் இருக்கிறோம். "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணச் சொல்கிறது மத்தேயு 6:6. எனக்கென்று அறையும் இல்லை, கதவும் இல்லை. விடிய எழும்பினால் மாமா தொலைக்காட்சியில் செய்தி போட்டுவிடுவார். இரவில் பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் ஜெபிப்பது?*

அந்த வசனத்துக்கு முந்திய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். மனுஷர் காணவேண்டுமென்று வீதிச் சந்திகளில் நின்று ஜெபிப்பவர்களைப் பற்றித்தான் இயேசு அங்கே பேசுகிறார். அவருடைய சொல்லைக் கேட்ட கலிலேயக் கிராமத்தவர்களின் வீடுகளும் நெருக்கமானவையே. அவரே அதிகாலை இருட்டோடு வெளியே புறப்பட்டு வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). பேதுரு மேல்வீட்டில் ஏறி ஜெபித்தார் (அப்போஸ்தலர் 10:9). ஆகவே கதவு இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரே இடம், ஒரே நேரம்.

எல்லோருக்கும் முந்தி எழும்பப் போராடுவதைவிட, வீடு தானாக அடங்கும் வேளையைத் தேடுங்கள். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு, மதியச் சமையலைத் தொடங்குமுன் ஒரு கால் மணி நேரம் பல வீடுகளில் கிடைக்கும். ஒரு கதிரையை யன்னலையோ சுவரையோ பார்த்துப் போடுங்கள், முதுகு அறைக்குத் திரும்பியிருக்கட்டும். "நான் இந்தக் கதிரையில் இருக்கிற பதினைந்து நிமிடமும் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டு, கூப்பிடும்போது கோபிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. வேதாகமம், கொப்பி, பேனை, மூக்குக்கண்ணாடி நான்கையும் ஒரே துணிப்பையில் போட்டு அந்த இடத்திலேயே மாட்டிவையுங்கள். கண்ணாடியைத் தேடி எழும்பினால் ஐந்து நிமிடம் போய்விடும், திரும்பி வரும்போது மனமும் வேறெங்கோ இருக்கும். கைத்தொலைபேசி குசினியில் இருக்கட்டும்.

பதினைந்து நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும்" (சங்கீதம் 51:15) என்று தொடங்குங்கள். மூன்று நிமிடம் ஒரு சங்கீதத்தை, உதடு அசைய, மெல்லிய குரலில் வாசியுங்கள். ஐந்து நிமிடம் சுவிசேஷத்தில் பத்து முதல் பதினைந்து வசனங்களை இரண்டு தரம் வாசியுங்கள். ஒரு நிமிடம் மௌனம். நான்கு நிமிடம் சொந்த ஜெபம். கடைசி நிமிடத்தில் கர்த்தருடைய ஜெபம். கண்ணை மட்டும் ஓடவிட்டு வாசித்தால் கடற்கரைப் பாதையில் போகும் ரயிலின் சத்தத்தோடு மனமும் போய்விடும். உதடு அசைந்தால் சத்தம் வந்து போகும், நீங்கள் வசனத்திலேயே இருப்பீர்கள்.

சொந்த ஜெபத்தில் நேற்று நடந்த ஒன்றுக்காக, அதைப் பெயர் சொல்லி, நன்றி சொல்லுங்கள். தவறு ஒன்றையும் அப்படியே பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். பிறருக்காக ஒரு நாளைக்கு நான்கு பெயர் போதும். கொப்பியில் கிழமையின் ஏழு நாட்களுக்கும் நான்கு நான்காக எழுதினால் 28 பேர் வந்துவிடுவார்கள். எல்லாப் பெயரையும் தினமும் சொல்லப் போனால் ஜெபம் இடாப்பு வாசிப்பது போல ஆகிவிடும். உங்கள் சொந்தத் தேவையைக் கடைசியாகச் சொல்லுங்கள், ஆனால் கட்டாயம் சொல்லுங்கள். தமக்காகக் கேட்பது தன்னலம் என்று நினைத்து அதை விட்டுவிடும் பெண்கள் நிறையப் பேர். "அன்றன்றுள்ள அப்பத்தை" கேட்கக் கற்றுத்தந்தவர் இயேசுதான்.

ஆறு கிழமைக்கு இந்த நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் அரை மணி நேரம் இருந்து ஈடுசெய்ய முயல வேண்டாம். கடன் கணக்கு வைப்பவர்கள் மூன்றாம் கிழமையில் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள்.

*ஒவ்வொரு ஜனவரியும் வேதாகமம் முழுவதையும் வாசிப்பதாகத் தீர்மானிக்கிறேன். ஒரு வருடமும் மார்ச் மாதத்தைக் கண்டதில்லை. என்ன பிழை? – மட்டக்குளி வாசகர்*

பிழை உங்கள் பக்தியில் இல்லை, திட்டத்தில்தான். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள் உண்டு. ஒரு வருடத்தில் முடிக்க நாளொன்றுக்கு மூன்றுக்கும் சற்றுக் கூடுதலாக வாசிக்க வேண்டும். ஆதியாகமம் கதையாகப் போவதால் இந்த வேகம் தெரிவதில்லை. ஜனவரி 23ஆம் திகதி அளவில் யாத்திராகமம் 25க்கு வருவீர்கள். அங்கே இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்குகின்றன. அதை முடித்தால் லேவியராகமம் 27 அதிகாரம், பிறகு எண்ணாகமத்தின் குடிக்கணக்கு. வழிகாட்ட ஆளில்லாமல் தினமும் மூன்று அதிகாரம் இவற்றை விழுங்கப் போனால் யாரும் களைத்துவிடுவார்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் ஆறாகிவிடுகிறது.

முழு வேதாகமத்தை வாசிப்பது நல்ல வேலைதான், ஆனால் அது படிப்பு. தினசரி வழிபாட்டுக்கு உரிய வாசிப்பு சிறியதாக, திரும்பத் திரும்ப வருவதாக இருக்க வேண்டும். மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம். நாளுக்கு அரை அதிகாரம் என்றால் ஒரு மாதத்தில் முடியும். அடுத்து லூக்கா 24 அதிகாரம், பிறகு அதே லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள். இதற்கே நான்கைந்து மாதம் போகும். போகட்டும்.

சங்கீதங்களுக்குப் பழைய, எளிய முறை ஒன்று உண்டு. திகதியைப் பாருங்கள். இன்று 7 என்றால் 7, 37, 67, 97, 127 ஆகிய ஐந்தும் இன்றைக்குரியவை. முப்பது முப்பதாகக் கூட்டினால் 30 நாளில் 150ம் அடங்கிவிடும். ஐந்தையும் வாசிக்க நேரம் இல்லாதவர் அந்த ஐந்தில் ஒன்றை எடுக்கலாம். அப்படிச் செய்தால் ஐந்து மாதத்தில் ஒரு சுற்று முடியும். ஒரே இடத்தில் சிக்கல் வரும்: 29ஆம் திகதி 119ஆம் சங்கீதம் விழுகிறது, அது 176 வசனம். அதை 31ஆம் திகதிக்குத் தள்ளிவையுங்கள், அந்த நாளுக்கு வேறு சங்கீதம் இல்லை. 31 இல்லாத மாதத்தில் எட்டு எட்டு வசனமாகப் பிரித்து வாசிக்கலாம், அது 22 பகுதிகளாகவே எழுதப்பட்டிருக்கிறது. அங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகமும் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலை மாலை என்று பகிர்ந்துதான் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

*கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். இரவில் செபமாலை சொல்கிறேன். வாய் சொல்லிக்கொண்டே போகிறது, மனம் மறுநாள் வேலையை யோசிக்கிறது. இப்படிச் சொல்வதில் பயன் உண்டா?*

உண்டு. ஆனால் நீங்கள் விட்டிருக்கும் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்க வேண்டும். 2002இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், செபமாலையில் தியானிக்கும் மறையுண்மைகளோடு (இயேசு, மரியாவின் வாழ்வு நிகழ்ச்சிகளோடு) ஒளியின் மறையுண்மைகளையும் சேர்த்தபோது, ஒவ்வொரு மறையுண்மையையும் அறிவித்து, அதற்குரிய வேதப்பகுதியை வாசித்து, சற்று மௌனமாக இருந்த பிறகே செபத்தைத் தொடங்கச் சொன்னார். பலர் அறிவித்த கையோடு "பரலோகத்திலிருக்கிற" என்று கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். மனதுக்கு நிற்க ஓர் இடம் கொடுக்கப்படாததால் அது தன் வழியே போகிறது.

திங்கள், சனி நாட்களுக்குரிய மகிழ்ச்சி மறையுண்மைகள் ஐந்தும் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களிலேயே உள்ளன: மங்கள வார்த்தை 1:26–38, எலிசபெத்தைச் சந்தித்தது 1:39–56, பிறப்பு 2:1–20, காணிக்கையாக ஒப்புக்கொடுத்தது 2:22–38, ஆலயத்தில் கண்டுபிடித்தது 2:41–52. ஒரு பக்கத்தில் அடையாளம் வைத்தால் போதும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து வசனம் வாசித்து, பத்து மூச்சு எடுக்கும் நேரம் அமைதியாக இருங்கள். "இயேசு" என்ற பெயர் வரும் இடத்தில் குரல் ஒரு கணம் நிற்கட்டும். 53 தரம் மரியே வாழ்க சொல்வதில் அந்தப் பெயரை விழுங்கிவிடும் அளவுக்கு வேகம் வந்துவிடுகிறது.

ஐந்து பத்துகளையும் (ஒரு மறையுண்மைக்குப் பத்து மரியே வாழ்க) அவசரமின்றிச் சொல்ல இருபது நிமிடமாவது ஆகும். களைத்த இரவில் ஒரு பத்து மட்டும், வேதப்பகுதியோடு, ஐந்து நிமிடம் சொல்லுங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் ஐந்தையும் ஓட்டி முடிப்பதைவிட அது நல்லது என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம். மனம் ஓடியது தெரியவந்தால் அந்தப் பத்தைத் திரும்பத் தொடங்காதீர்கள். இருக்கும் மணியிலிருந்தே தொடருங்கள். திரும்பத் தொடங்கும் பழக்கம் பயத்தை வளர்க்கும், கவனத்தை வளர்க்காது.

*வத்தளையிலிருந்து புறக்கோட்டைக் கடையொன்றுக்கு வேலைக்குப் போகிறேன். வீடு வர இரவு ஒன்பது. முழங்கால் போட்டால் அப்படியே நித்திரை. பஸ்ஸில் ஜெபித்தால் கணக்கில் சேருமா?*

சேரும் தம்பி. பஸ்ஸையே உங்கள் ஜெப நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் "போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் தொலைபேசி அந்த நேரத்தைப் பிடித்துவிடும். வழியில் ஒரு குறியை வையுங்கள். ஏறியவுடன் கர்த்தருடைய ஜெபம். பேலியகொடை நெரிசலில் ஒரு சங்கீதம். களனி ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது அன்றைய நாளில் சந்திக்கப்போகிறவர்களுக்காக ஜெபம்: முதலாளி, கூட வேலை செய்பவர்கள், கோபமாக வரும் வாடிக்கையாளர். கண்ணை மூட வேண்டியதில்லை. நின்று பயணம் செய்பவர் மூடவும் கூடாது.

தொலைபேசியில் வேதாகமச் செயலி வைத்திருப்பது நல்லதுதான். ஆனால் அறிவித்தல்களை நிறுத்தாமல் திறந்தால் இரண்டாம் வசனத்தில் ஒரு செய்தி வந்து இழுக்கும். பறப்பு நிலையில் போட்டுவிட்டு வாசியுங்கள். அதைவிடச் சில சங்கீதங்களை மனப்பாடமாக வைத்திருப்பது மேல். சங்கீதம் 23இல் ஆறு வசனம். இரண்டு நாளுக்கு ஒரு வசனம் என்றால் பன்னிரண்டு நாள். அடுத்து 121, எட்டு வசனம். பிறகு 131, மூன்றே வசனம். கையில் புத்தகம் இல்லாமல், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே இவற்றைச் சொல்லலாம். ஒன்றுமே ஓடாத நாளில் இயேசுவின் உவமையில் வரும் ஆயக்காரனுடைய (வரி வசூலிப்பவனுடைய) ஜெபம் இருக்கிறது: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" (லூக்கா 18:13). மூச்சோடு மூச்சாக அதையே சொல்லிக்கொண்டு போங்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், சட்டி பானைகளுக்கு நடுவே இப்படித்தான் கடவுளோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

இரவு நித்திரை வருவது உடலின் களைப்பு. பாவமாக எண்ணி வருந்த வேண்டாம். முழங்காலில் நின்று தலையைக் கட்டிலில் சாய்த்தால் யாருக்கும் நித்திரை வரும். முகம் கழுவிய கையோடு, நின்றபடி, இரண்டு நிமிடம்: இன்று பெற்றதற்கு நன்றி, இன்று செய்த பிழைக்கு மன்னிப்பு, பிறகு சங்கீதம் 4:8. "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே செய்யுங்கள்.

*அம்மா தவறி எட்டு மாதம். ஜெபிக்க இருந்தால் ஒன்றும் வருவதில்லை. ஆலயத்தில் மற்றவர்கள் கண்ணீர் விட்டு ஆராதிக்கும்போது நான் மரம்போல நிற்கிறேன். என் விசுவாசம் போய்விட்டதா?*

இல்லை, சகோதரி. விசுவாசம் போனவர் இந்தக் கேள்வியை எழுதமாட்டார்.

உணர்ச்சி வருகிறதா இல்லையா என்பதை வைத்து வழிபாட்டை அளக்க வேண்டாம். இப்போது சொந்த வார்த்தை தேடுவதை நிறுத்துங்கள். இரவல் வார்த்தையை எடுங்கள். சங்கீதம் 13 ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்றுதான் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரியும் இன்றி இருளிலேயே முடிகிறது. அப்படியே அது வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவு எழுதிச் சேர்க்கவில்லை. சிலுவையில் இயேசு கதறியது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, கடைசியாக ஒப்புக்கொடுத்தது 31ஆம் சங்கீதத்தின் வரி. தமக்கு வார்த்தை முட்டிய நேரத்தில் அவரும் மனப்பாடமாக அறிந்த ஜெபத்தையே எடுத்தார். ஆகவே நாளுக்கு ஒரு சங்கீதம், அதை வாசித்து "ஆமென்" சொல்லி எழும்புங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வார்த்தையே வராதபோது ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்கலாம்.

ஆலயத்தில் பாட வராவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டு நில்லுங்கள். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கும்படி ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், வெளிப்படையாகக் கேளுங்கள். இன்னொன்று: நித்திரையும் சாப்பாடும் கிழமைக் கணக்கில் குறைந்திருந்தால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், உடனே வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். அது ஜெபத்தில் தோற்றதாகாது.

*அப்பா குடும்ப ஜெபத்தை முக்கால் மணி நேரம் நடத்துகிறார். தம்பி, தங்கை நெளிகிறார்கள். எப்படிச் சொல்வது? – தெமட்டகொடை வாசகி*

நேரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், "நாங்களும் ஒரு பகுதி செய்யட்டுமா?" என்று கேளுங்கள், அப்பா மகிழ்வார். பிள்ளைகள் உள்ள வீட்டில் பத்து நிமிடம் போதும்: இளையவர் தெரிந்தெடுக்கும் ஒரு பாட்டு, மூத்தவர் வாசிக்கும் எட்டுப் பத்து வசனம், ஆளுக்கு ஒரு வாக்கியத்தில் ஜெபம், எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். இரவுச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். பின்னால் வைத்தால் நித்திரை.

இந்தப் பதிலை அப்பாமார் வாசித்தால், ஒன்றைக் கவனியுங்கள். "ஆண்டவரே, இவன் கணக்கில் 38 புள்ளி எடுத்திருக்கிறான், இவனுக்குப் புத்தி கொடும்" என்று ஜெபிப்பது கடவுளிடம் பேசுவதல்ல, கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைக்கு ஏசுவது. பிள்ளைகளுக்கு அது நன்றாக விளங்கும். ஏச வேண்டியதை ஜெபத்துக்கு வெளியே ஏசுங்கள். ஜெபத்தில் அந்தப் பிள்ளைக்காக நன்றி சொல்லுங்கள்.

*இந்துக் குடும்பத்தில் மணம் முடித்து பம்பலப்பிட்டியில் மாமியோடு இருக்கிறேன். வீட்டில் சாமி அறை உண்டு. என் வழிபாட்டை மனஸ்தாபம் இல்லாமல் எப்படிச் செய்வது?*

ஒளிக்காமல், ஆனால் சத்தமில்லாமல். மாமி விளக்கேற்றும் நேரத்தோடு போட்டியாக உங்கள் நேரத்தை வைக்க வேண்டாம். அவர் சாமி அறையில் இருக்கும்போது நீங்கள் உங்கள் அறையில் வேதாகமத்தோடு இருந்தால் வீடே அந்த நேரத்தில் அமைதியாகிவிடும். வீட்டில் அதற்கு ஏற்கெனவே மரியாதை உண்டு. சிலுவையோ படமோ வைப்பதென்றால் கணவரிடம் கேட்டு உங்கள் அறையில் வையுங்கள். தொலைபேசியில் ஆராதனைப் பாடல்களைச் சத்தமாக ஓடவிடுவது சண்டைக்கு வழி. மாமியின் வழிபாட்டைப் பற்றி, ஆலயத் தோழிகளிடம்கூட, இளப்பமாக ஒரு சொல் சொல்லாதீர்கள். சங்கீதம் 141:3 உங்களுக்கு ஏற்ற காலை ஜெபம்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." மாமியோடு மனத்தாங்கல் வந்த நாளில் முதலில் போய்க் கதைத்துச் சமாதானமாகி, பிறகு ஜெபிக்க இருங்கள். மத்தேயு 5:23–24 சொல்லும் வரிசை அதுதான்.

படைத்த உணவைச் சாப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 8, 10 ஆகிய அதிகாரங்களையும் ரோமர் 14ஐயும் கணவரோடு சேர்ந்து வாசியுங்கள். சபைக்குச் சபை நடைமுறை வேறுபடுவதால் உங்கள் போதகரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

*வீட்டில் தனியாக வழிபடுகிறவருக்கு ஞாயிறு ஆலயம் அவசியமா? இணையத்தில் ஆராதனை பார்க்கிறேனே?*

நோயாளிக்கும் வயோதிபருக்கும் அது பெரிய உதவி. நடமாட முடிந்தவருக்கு அது போதாது. 2020 ஊரடங்கில் ஆலயங்கள் மூடியிருந்தபோது வீட்டில் வழிபட்டோம், வேறு வழி இருக்கவில்லை. இந்த நாட்டில் அதற்கு முன்னும் அப்படி நடந்திருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கத்தோலிக்கக் குருமார் அவர்களுடைய ஆட்சிப் பகுதியில் இருக்க அனுமதியில்லை. குடும்பங்கள் வீட்டுக்குள் செபமாலையைச் சொல்லி விசுவாசத்தைக் காத்தன. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தபோது, இரவோடு இரவாக, பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தும், அதே குடும்பங்கள் திருப்பலிக்குக் கூடின. வீட்டுச் செபம் போதும் என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

திருவிருந்தைத் திரையில் பெற முடியாது. பக்கத்தில் நிற்பவர் மூன்று கிழமை வராதது உங்களுக்குத் தெரியப்போவதும் இல்லை. வரும் ஞாயிறு பத்து நிமிடம் முந்திப் போய், கிழமை முழுதும் நீங்கள் வாசித்த சங்கீதத்தை அங்கே இருந்து ஒரு தரம் வாசியுங்கள். முடிந்ததும் வாசலில் நின்று, பெயர் தெரியாத ஒருவரிடம் பெயரைக் கேட்டு, அதைக் கொப்பியில் திங்கட்கிழமைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.